மாதிரி விமானமும் மின்கல அடுக்கைப் பேணும் முறையும்

கும்பப்பூ அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்களில் நாஞ்சில் நாட்டு வயலேலாக்கள் வெறிதே கிடக்கும். கன்னிப்பூவுக்கு உழவு தொடங்குமளவும் அரிதாள் நின்ற அந்நிலம், வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுதற்கு ஏற்ற களமாகும். விமானம் தவறி விழுந்தாலும் மெத்தென்ற மண் தாங்கிக்கொள்ளும். நுரைப்பலகையால் இயன்ற இறக்கை முறிந்தால், பசையிட்டு ஒட்டி மறுநாளே மீண்டும் பறக்கவிடலாம். ஆயின், அவ்விமானத்தின் வயிற்றினுள் வைக்கப்பட்டுள்ள மின்கல அடுக்குக் கெட்டுப்போமாயின், அதனை ஒட்டுதற்குப் பசையில்லை. மாணவர் ஒருவர் பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதனோடு போய்விடும். பேணுதலில் மிகத் தவறினால் அவர் தங்கியுள்ள அறையே தீக்கிரையாகவும் கூடும். யாம் பார்த்தும் கேட்டும் அறிந்த அளவில், இவ்வடுக்குகளிற் பல வானத்திற் பறந்து தேய்ந்து கெடுவன அல்ல. அலமாரியிற் கிடந்து கெடுவன. அதன் காரணத்தையும், அங்ஙனம் கெடாது காக்கும் நெறியையும் எழுதுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுவோம். தமிழ் பயில்வார் எப்பொருளைத் தொட்டாலும் சொல்லாராய்ச்சியில் இறங்கிவிடுவர் என்று அறிவியல் வகுப்பு நண்பர் நகைப்பதுண்டு, நகைக்கட்டும். ‘பாட்டரி’ என்னும் ஆங்கிலச் சொல் பீரங்கிகளின் வரிசையைக் குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்கிளின், மின்னைத் தேக்கும் கண்ணாடிச் சாடிகள் பலவற்றை இணைத்து, அத்தொகுதிக்கு அப்பெயரை இட்டார். 1800-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, இருவேறு உலோகத் தகடுகளை, உப்புநீரில் நனைத்த அட்டையை இடையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றார். ஆகவே ‘அடுக்கு’ என்னும் நம் சொல், பீரங்கியை நினைவூட்டும் அச்சொல்லினும் பொருளுக்கு நெருங்கியது. மின்கலம் என்பது ஒன்று. மின்கல அடுக்கு என்பது பல கலங்கள் சேர்ந்தது. இவ்வேறுபாட்டை மறவாதிருப்பின், பின்னர்க் கூறுவனவற்றுட் பாதி தானே விளங்கும்.

மாதிரி விமானங்கள் நெடுங்காலம் எரிபொருளால் இயங்கும் சிறு பொறிகளையே நம்பியிருந்தன. 1957-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பார் ‘ரேடியோ குவீன்’ என்னும் தம் விமானத்தை, மின்மோட்டாரும் வெள்ளி–துத்தநாக மின்கலங்களும் கொண்டு வானொலி வழியே இயக்கிப் பறக்கவிட்டார். மின்னாற்றலாற் பறந்த வானொலி விமானங்களுள் அதனையே முதலாவதாகக் கூறுவர். பின்னர் வந்த நிக்கல்–காட்மியக் கலங்கள் கனத்தவை. 1991-இல் சோனி நிறுவனத்தார் லித்தியம் அயனிக் கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதற்கு அடிகோலிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். அக்கலத்தை உலோகக் கூட்டில் அடையாது மெல்லிய பையில் அடைத்த வகையே லித்தியம் பாலிமர் எனப்படுவது. இன்று நம் விமானங்களைத் தூக்குவது பெரும்பாலும் அதுவே. நம் மாநிலத்தவரும் இத்துறையிற் பின்தங்கினாரல்லர். குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரியின் ‘தக்ஷா’ குழுவினர், 2018-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மருத்துவ உதவியை ஆளில்லா வானூர்தி வழியே கொண்டுசேர்க்கும் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றனர். மாதிரி விமானங்களிற் பேரார்வமுடைய நடிகர் அஜித்குமார் அக்குழுவிற்கு ஆலோசகராயிருந்தமை பலரும் அறிந்ததே.

இனிக் கேட்டின் வேரை நாடுவோம். பாட்டரியைப் பேணுவது பற்றி நம் இல்லங்களில் வழங்கும் அறிவுரைகள் வெவ்வேறு வகைக் கலங்களிலிருந்து பிறந்தவை. கேட்போரோ அவற்றை எல்லாக் கலத்துக்கும் பொதுவென்று கொள்கின்றனர். மின்தடைக்காக வீட்டில் வைத்துள்ள இன்வெர்ட்டரின் ஈய–அமிலப் பாட்டரி, 1859-இல் பிளாண்டே என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டது. அதனை எப்போதும் நிறைத்தே வைத்தல் வேண்டும். குறைந்த நிலையிற் கிடந்தால் தகடுகளில் ஈயச் சல்பேட்டு கெட்டிப்பட்டுப் போகும். ஆகவே தந்தையார், “நிறைத்து வை” என்கிறார். அவர் கூறுவது அப்பாட்டரிக்கு முழுதும் சரியே. நிக்கல்–காட்மியக் கலமோ, 1899-இல் சுவீடன் நாட்டு யுங்னர் கண்டது. அதனை இடையிடையே நன்கு இறக்கிப் பின்னர் ஏற்றுதல் நலம் என்பர். பழைய கைப்பேசியைக் கையாண்ட மாமா, “முழுதும் தீர்த்துவிட்டு ஏற்று” என்கிறார். அவரும் தம் கலத்தளவில் தவறிலர். லித்தியம் பாலிமர் கலத்துக்கு இவ்விரு மருந்தும் நஞ்சாம். அது நிறைந்தும் கிடத்தலாகாது, வறண்டும் கிடத்தலாகாது. ஓய்வுக்காலத்திற் பாதியளவிற் கிடத்தல் வேண்டும்.

பத்துக் கன்னியர் உவமையை ஓய்வுநாட் பள்ளியிற் கேட்டு வளர்ந்த நம்மிற் பலர்க்கு இஃது ஏற்றுக்கொள்ள அரிதாயிருக்கும். மணவாளன் எப்போது வரினும் விளக்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்றன்றோ கற்றோம்? ஆயின் எண்ணெய் தன்னை அடக்கிய பாத்திரத்தைத் தின்பதில்லை. நிறைந்த மின்னோ தன் கலத்தையே தின்னும்.

எங்ஙனமெனின், கலத்தினுள் ஒருபுறம் கோபால்ட்டு ஆக்சைடு போன்ற சேர்மத்தின் பூச்சும், மறுபுறம் பென்சிற் கரியாகிய கிராபைட்டின் பூச்சும் உள்ளன. இடையே எளிதில் தீப்பற்றும் கரைசல் ஊறியிருக்கும். மின்னேற்றுங்கால் லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கரியிற் குடியேறும்; பறக்குங்கால் மீண்டு வரும். ஒரு கலம் 4.2 வோல்ட்டை எட்டியபோது நிறைந்ததாகும். அந்நிலையில், அயனிகளை இழந்து நிற்கும் ஆக்சைடு தன்னைச் சூழ்ந்த கரைசலைச் சிதைக்க முற்படும். சிதைவிற் பிறக்கும் வாயு பையை ஊதச் செய்யும்; கலத்தின் அகத்தடை பெருகும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதியியலார் வழங்கும் பொதுக்கணக்கு. இதற்கு மறுதலையாக, கலம் 3 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழிறங்கிக் கிடந்தால், கரிப்பூச்சைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பின்பு மின்னேற்றும்போது அச்செம்பு கண்ட இடத்திற் படிந்து, உள்ளேயே குறுக்குவழி அமைத்துவிடும். நிறைந்த குளம் மறுகால் பாய வழியின்றி நின்றால் கரை உடைவதும், வறண்டால் அடிமண் வெடிப்பதும் நம் ஊரார் அறிந்தவை. ஆயின் உவமை ஓரிடத்திற் பொருந்தாது: குளத்தின் உடைப்பு அன்றே தெரியும், கலத்தின் சிதைவு திங்கட்கணக்கில் ஓசையின்றி நிகழும்.

இக்கேடு நம் மாவட்டத்தில் மிகுதற்குப் பருவமே துணைசெய்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் எதிர்நோக்கியிருக்க, நமக்கு இரு பருவமும் மழை தருகின்றன. இடவப்பாதி மழையோடு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் எழும். முப்பந்தற் காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்றில், ஒரு கிலோகிராம் எடைதானும் இல்லாத விமானம் எங்ஙனம் நிலைகொள்ளும்? ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் மழை; வயலிலோ நீரும் பயிரும். ஆகவே ஆண்டின் பெரும்பகுதியும் அடுக்குகள் சும்மா கிடப்பனவே. சனிக்கிழமை வானம் வெளுக்குமென்று நம்பி, வெள்ளியிரவு மாணவர் தம் அடுக்குகளை நிறைத்து வைக்கிறார். மழை வருகிறது. அடுத்த சனியும் அவ்வாறே. பின்னர்ப் பருவத் தேர்வு வந்துவிடுகிறது. நிறைந்த அடுக்கு இரண்டு மாதம் மேசையின் இழுப்பறையிற் கிடக்கும். எடுத்துப் பார்க்கும்போது, கலியாண வீட்டிற் பந்தி முடித்து எழுந்தவர் வயிறுபோல் ஊதியிருக்கும்.

ஆதலின் பறக்கவிடும் நாட்காலையிலேயே மின்னேற்றுதல் நன்று. ஒரு மணியளவே செல்லும். ஏற்றிய அடுக்கு இரண்டு மூன்று நாளில் பயன்படாதெனத் தெரிந்தால், கலமொன்றுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட் வரை இறக்கிவைத்தல் வேண்டும். மூன்று கலம் தொடராக இணைந்த அடுக்காயின் மொத்தம் ஏறத்தாழ 11.4 அல்லது 11.5 வோல்ட் ஆகும். இக்காலத்து மின்னேற்றும் கருவிகளிற் பலவற்றில் ‘சேமிப்பு’ என்றொரு நிலை உண்டு. அதனைத் தெரிந்தால் கருவியே இவ்வளவிற்குக் கொணரும். சிறு கருவிகள் இதற்கு நெடுநேரம் கொள்வதால், 12 வோல்ட், 21 வாட் மோட்டார் வண்டி விளக்கொன்றை இணைத்தும் இறக்கலாம். அவ்விளக்கு ஏறத்தாழ 1¾ ஆம்பியர் ஈர்க்கும். 2200 மில்லி ஆம்பியர்–மணி கொள்ளும் நிறைந்த அடுக்கு நாற்பது நிமிட அளவிற் பாதிக்கு வரும். ஆனால் அருகிலிருந்து அளந்துகொண்டே செய்தல் வேண்டும். விளக்கை ஏற்றிவிட்டுச் செபக்கூட்டத்திற்குச் சென்றால் திரும்பி வரும்போது அடுக்கு வறண்டிருக்கும். இறக்கிய அடுக்கை விமானத்தினின்றும் கழற்றி வைத்தல் கட்டாயம். மோட்டார் சுழலாதபோதும் உள்ளிருக்கும் ஏற்பியும் கட்டுப்பாட்டுக் கருவியும் சிறிது மின் உண்ணும். அது 50 மில்லி ஆம்பியரேயாயினும், பாதி நிறைந்த 2200 அடுக்கு ஒருநாள் கழியுமுன் வற்றிவிடும். தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிறுத்திய காரினுள்ளும் வைத்தலாகாது. மாதமொருமுறை எடுத்து அளந்து பார்த்தல் போதும். கடற்கரை ஊர்களில் வாழ்வோர் இணைப்பு முனைகளில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு பிடித்துள்ளதா என்றும் பார்த்துத் துடைத்துவைப்பாராக.

மின்னேற்றுங்கால் நோக்கவேண்டியது அடுக்கின் மொத்த வோல்ட்டன்று. ஒவ்வொரு கலத்தின் வோல்ட்டுமாம். முன்னர் அடுக்கு என்பது பல கலம் என வற்புறுத்தியது இதற்காகவே. ஓர் அடுக்கு 11.4 வோல்ட் காட்டுகிறதென்க. மூன்று கலமும் 3.8 ஆயின் அது நலமுடையது. இரண்டு கலம் 4.0 ஆகவும் ஒன்று 3.4 ஆகவும் இருப்பினும் கூட்டுத்தொகை அதே 11.4 அன்றோ? இதனை அறியாது மொத்தம் 12.6 ஆகுமளவும் ஏற்றினால், வலிய கலம் இரண்டும் 4.2-ஐக் கடந்து பேராபத்தாகும். இதனைத் தடுத்தற்கே பருத்த இரண்டு கம்பிகளோடு மெல்லிய கம்பிகளின் கொத்தொன்றும் அடுக்கில் வைக்கப்பட்டுள்ளது. மூன்று கலத்துக்கு நான்கு கம்பி இருக்கும். அக்கொத்தையும் கருவியிற் செருகிச் சமன்செய்து ஏற்றுதலே முறை. கலங்களின் எண்ணிக்கையைக் கருவியிற் சரியாகக் குறித்தோமா என்று இருமுறை நோக்குக. மின்னோட்டத்தின் அளவு, அடுக்கின் கொள்ளளவை ஒத்திருத்தல் அமையும்: 2200 அடுக்கிற்கு 2.2 ஆம்பியர். இதனினும் விரைந்து ஏற்றலாம் என்று சில அடுக்குகளின் உறையில் அச்சிட்டிருப்பர். விரைவினால் வருவது சிறிது நேரம். போவது கலத்தின் ஆயுள். பறந்து இறங்கிய சூட்டோடு ஏற்றுதலும் கூடாது. தொட்டுப் பார்த்துக் குளிர்ந்தபின் ஏற்றுக.

பறக்குங்கால் கொள்ளளவில் எண்பது விழுக்காட்டிற்குமேல் எடாதிருத்தல் அனுபவம் மிக்கோர் கைக்கொள்ளும் வரம்பு. 2200-இல் எண்பது விழுக்காடு 1760. விமானம் சராசரி 15 ஆம்பியர் ஈர்ப்பதாயின் ஏழு நிமிடத்தில் அவ்வளவு தீரும். ஏழாவது நிமிடத்தில் மணியொலிக்கச் செய்து, ஒலித்தவுடன் இறக்கிவிடல் வேண்டும். “இன்னும் ஒரு வட்டம்” என்னும் ஆசையே பல கலங்களைக் கொன்றது. எங்கே பறக்கவிடலாம் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்; 2022-இல் ராம்சர் பட்டியலிற் சேர்ந்த சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகளின்மேல், பறவைகள் தங்குமிடத்தில், விமானத்தைக் கொண்டுசெல்லலாகாது என்பதை மட்டும் ஈண்டுச் சொல்லி அமைவோம்.

நோயுற்ற கலத்தை அறிய அகத்தடையே சிறந்த குறி. நல்ல கருவிகள் அதனை மில்லி ஓமிற் காட்டும். 5 மில்லி ஓம் தடையுள்ள கலம் 20 ஆம்பியர் தரும்போது பத்தில் ஒரு வோல்ட்டே இழக்கும். 2 வாட் வெப்பம் பிறக்கும். அதுவே முதுமையால் 20 மில்லி ஓம் ஆயின் இழப்பு 0.4 வோல்ட், வெப்பம் 8 வாட். விமானம் மேலெழ வலியின்றித் தளர்வதும், இறங்கியபின் அடுக்குக் கைபொறுக்காச் சூடாயிருப்பதும் இதனாலேயே. புதிதாக வாங்கிய நாளிலேயே ஒவ்வொரு கலத்தின் தடையையும் அளந்து, அடுக்கின்மேல் ஒரு சீட்டொட்டி, நாளும் அளவும் எழுதி வைத்தால் பின்னர் ஒப்புநோக்க உதவும். அடுக்கின் உறையில் எத்துணை ஆம்பியர் தரும் என்று வணிகர் அச்சிடும் எண்ணை யாம் அவ்வளவாக நம்புவதில்லை. நம் சீட்டிலுள்ள எண்ணே நமக்குச் சான்று.

ஊதிய அடுக்கை ஊசியாற் குத்தி வாயுவைப் போக்கலாம் என்று கூறுவாரும் உளர். அவர் சொற்கேட்பது தீயோடு விளையாடுதலாம். விழுந்து நசுங்கிய அடுக்கும் அத்தகையதே. அப்போது ஒன்றும் நேராவிடினும், சிறிது நேரம் கழித்தும் பற்றக்கூடும். பெருவிமானங்களே இவ்வகைக் கலத்திற்கு அஞ்சியதுண்டு. 2013 ஜனவரியில் லித்தியம் அயனிப் பாட்டரிகளில் நேர்ந்த தீயாலும் புகையாலும் போயிங் 787 விமானங்கள் உலகெங்கும் சில மாதம் தரையிலேயே நிறுத்தப்பட்டன. தேர்ந்த பொறியாளர் பலர் காத்த விமானத்திற்கே அக்கதியெனின், விடுதி அறையில் மெத்தைமேல் அடுக்கை வைத்து, இரவு முழுதும் மின்னேற்றவிட்டு அதன் பக்கத்திலேயே உறங்குவாரைப் பற்றி என் சொல்வது! பாயும் மெத்தையும் புத்தகமும் இல்லாத சிமெண்டுத் தரையில், அடியில் மணல் பரப்பிய அகன்ற மண்சட்டியினுள் அடுக்கை வைத்து ஏற்றுதல் தகும். நம் வீட்டுப் பழைய மீன்சட்டியே போதும். வாயு வெளியேறுதற்கு வழி வேண்டுமாதலின் அதனை இறுக மூடலாகாது. அருகில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்; ஏற்றுபவரும் இருக்கட்டும். தீப்பற்றினால் முதலில் மின்னிணைப்பை நிறுத்தி, மணலைக் கொட்டி, அறையைவிட்டு வெளியேறுக. அப்புகையில் ஐதரசன் புளூரைடு என்னும் கொடிய வாயு கலந்திருக்குமாதலின், என்ன ஆயிற்று என்று குனிந்து பார்த்தல் கூடாது.

வெளிநாட்டில் வாழும் நம் பழைய மாணவர்கள் விடுமுறைக்கு வருங்கால், உறவினர் பிள்ளைகட்கு இவ்வடுக்குகளைப் பரிசாகக் கொணர்வதுண்டு. உதிரி லித்தியம் பாட்டரியைச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்க விமான விதிகள் இடந்தரா. கைப்பெட்டியிலேயே, முனைகளை மூடி வைத்தல் வேண்டும். 100 வாட்–மணிக்கு உட்பட்டவை தடையின்றி ஏற்கப்படும். மூன்று கல 2200 அடுக்கு 24 வாட்–மணிக்குச் சிறிதே மேற்பட்டதாதலின் அச்சம் வேண்டா.

ஆயுள் முடிந்த அடுக்கைக் குப்பைத் தொட்டியிலும் குளத்திலும் எறிதல் தீது. ஊதாத அடுக்காயின், முன்கூறிய விளக்கை வீட்டிற்கு வெளியே, மணற்சட்டியில் வைத்த அடுக்கோடு இணைத்து, ஒளி முற்றும் அவிந்து வோல்ட் ஒன்றுமில்லையாகுமளவும் இறக்குக. ஊதியதாயின் அதனை இயக்காது, அவ்வாறே மணலிட்ட சட்டியில் வைத்து வீட்டிற்கு வெளியே காப்பது நலம். உப்புநீரில் இட்டு வைத்தல் நன்றென்பாரும் உளர். முனைகள் அரித்துப்போய் மின் உள்ளேயே தங்கிவிடுமாதலின் அதனை யாம் மேற்கொள்வதில்லை. 2022-இல் இந்திய அரசு வெளியிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்க்கும் இறக்குமதியாளர்க்கும் உண்டு. ஆகவே புதியது வாங்கும்போதே, பழையதைத் திரும்பப் பெறுவீர்களா என்று விற்பவரைக் கேட்டு வாங்குக. கொடுக்கும்போது கம்பி முனைகளை ஒன்றோடொன்று படாதவாறு தனித்தனியே நாடாவாற் சுற்றிக் கொடுத்தல் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சுற்றிவிடலாகாது.